குசினித் திறப்பு

சித்திரை விடுமுறைக்கு மூன்று இரவுகள்.
எங்கே தங்குவது என்று முடிவெடுக்கவே
பன்னிரண்டு நாள் பிடித்தது எங்களுக்கு.

அபிநயனுக்கு நீச்சல் தடாகம் வேண்டும்.
கடலுக்குப் போகிற பயணத்தில் தடாகம் எதற்கடா என்றால்
கடலுக்கு அடி தெரியாதாம்.
தர்மிகா நிலாவெளி என்கிறாள்,
ஆனால் வைஃபை நாலு கோடும் நிற்கவேண்டும்.
மச்சாள் சறோவுக்கு
கோணேசர் மணி காதில் விழுகிற தூரம் போதும்.
மலையேறச் சொன்னால் முழங்கால் கேட்காது,
மணி கேட்டால் பாதித் தரிசனம்.
புவிராஜ் ஒன்றும் கேட்கவில்லை.
கணக்குக் கொப்பியை மட்டும் திறந்துவைத்தான்.

வவுனியாவில், சோறு இறக்கிய கையோடு
நான்தான் ஒவ்வொரு இடத்துக்கும் தொலைபேசி எடுத்தேன்.

உப்புவெளியில் ஒருவர்
ஓர் இரவின் விலையைச் சொன்னார்.
மாத வாடகையைச் சொல்கிறாரோ என்று
இன்னொருமுறை கேட்டேன்.
நிலாவெளியில் அறை உண்டு, ஆனால்
சனி இரவு கல்யாண வீடொன்று,
விடியுமட்டும் பாட்டுச் சத்தம், பரவாயில்லையோ?
உட்துறைமுக வீதியில் ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும்,
குளியலறை பொது.
ஓர்ஸ்ஹில்லில் நல்ல வீடு,
நுளம்புவலை நாங்களே கொண்டுபோகவேண்டும்.

எல்லாரும் கடைசியில்
இனிப்பு நீட்டுவதுபோல அதைச் சொன்னார்கள்:
"குசினி இருக்கு, தங்கச்சி.
காஸ் இருக்கு, சட்டி பானை எல்லாம் இருக்கு.
கடைச் சாப்பாட்டுக்குக் காசு கொட்டத் தேவையில்லை."
ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த புவிராஜ்
கொப்பியில் எதையோ வெட்டிவிட்டுச் சிரித்தான்.
மீன்சந்தை கிட்டத்தான் என்றாள் மச்சாள்.
பாரைமீன் குழம்பு என்றான் அபிநயன்.
மிளகாய்த்தூளை இங்கிருந்தே கட்டலாம் என்றது
இன்னொரு குரல்.
அது என்னுடையது.

அன்றிரவு எல்லாரும் படுத்த பிறகு
முற்றத்தில் நின்று
டச்சுக்குடாப் பக்கம் ஒரு மேல்மாடி வீட்டுக்கு எடுத்தேன்.
பெர்னதெத் என்று ஒருவர்.
இரண்டு அறை, மின்விசிறி, தண்ணீர்த் தாங்கி புதிது,
பின்னேரம் மான்கள் கேற்றடிக்கு வரும்,
சொப்பிங் பையைக் கண்டால் தின்றுவிடும், கவனம்.
"பிறகு, குசினி..." என்று அவர் தொடங்க,
"அக்கா, குசினி இல்லாத இடம் இருக்கோ?" என்றேன்.

தொலைபேசிக்குள் காற்று.
இல்லாவிட்டால் கடல்.
"எத்தனை வருஷம்?" என்று கேட்டார்.
கல்யாணம் கட்டியா, சமைக்கத் தொடங்கியா,
இரண்டுக்கும் விடை பதினேழு.
"வாங்கோ. நான் பூட்டிப்போட்டுத்
திறப்பை வச்சிருக்கிறன்.
கேட்டால் துலைஞ்சுபோச்செண்டு சொல்லுவன்."

ஹொரவப்பொத்தானை வழியாக வந்த பேருந்தில்
மிளகாய்த்தூள் பை என் மடியில் இருந்தது.

பெர்னதெத் அக்கா கையை விரித்தார்:
"நேற்றுவரைக்கும் இந்த ஆணியிலதான் தொங்கினது."
புவிராஜ் ஆணியைப் பார்த்தான்.
மச்சாள் பூட்டைப் பார்த்தாள்.
நான் கடலைப் பார்த்தேன்,
முகத்தை வைக்க வேறு இடமில்லாமல்.

மூன்று நாளும் கடைச் சாப்பாடு.
மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் கொத்துரொட்டி.
ஒருநாள் இடியப்பத்தில் உப்பே இல்லை.
ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.
புவிராஜ் இரண்டாம் நாளோடு
கொப்பி எழுதுவதை விட்டுவிட்டான்.

விடிய நாலரைக்குப் பழக்கத்தில் விழித்தேன்.
செய்ய ஒன்றுமில்லை.
கொஞ்சநேரம் பயமாகக்கூட இருந்தது.
பிறகு கதவைச் சாத்திவிட்டு மணலுக்கு இறங்கினேன்.
குடாவுக்கு மேலே கோட்டை மலை இன்னும் கறுப்பு.
மணி ஒருமுறை கேட்டது, மச்சாள் தூக்கத்தில்.
அலை தொடுகிற இடத்தில் ஒரு மான்
கடலையே பார்த்துக்கொண்டு நின்றது.
அதற்கும் அங்கே தின்ன ஒன்றுமில்லை.

கிளம்புகிற அன்று, மற்றவர்கள் ஓட்டோவில் ஏற,
பெர்னதெத் அக்கா உள்ளங்கையை விரித்தார். திறப்பு.
"ஒருக்கா எட்டிப் பார்க்கிறீங்களோ?
ரைல்ஸ் போட்டது, நல்ல வெளிச்சம்."

வேண்டாமென்றேன்.
மிளகாய்த்தூள் பையை
அந்தக் கையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.